மாமே எஸோவாவின் விரல்மேல் விழுந்த பழி

எல்மினா என்ற கடற்கரை ஊரில், ஐஸ் கட்டி விற்கும் கடைக்கு மேலே இருந்தது எபோ பென்ட்சிலின் அலுவலகம். அலுவலகம் என்றால் ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, திக்கித் திணறிச் சுற்றும் ஒரு மின்விசிறி, அப்புறம் எபோவின் தன்னம்பிக்கை. முதல் மூன்றையும் ஒரு மூலையில் ஒதுக்கிவிடலாம். நான்காவதற்குத்தான் அறை போதவில்லை.

ஊரில் இணையதளம் வேண்டும் என்றால் எல்லாரும் அவனிடம்தான் வருவார்கள். தேவாலயப் பாடகர் குழு, மணப்பெண்ணுக்குத் தைக்கிறவள், மீன் வடிவத்தில் சவப்பெட்டி செய்கிறவர், எல்லாருக்கும் பிஎச்பி ஃபிரேம்வொர்க் என்ற நிரல் சட்டகம் ஒன்றை வைத்து அவன்தான் தளம் கட்டிக் கொடுத்திருந்தான். வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் யாராவது கூப்பிட்டு, "எபோ, தளம் திறக்க மாட்டேங்குதே" என்று சொல்லிவிட்டால் போதும், அவன் வாயிலிருந்து முதலில் வருவது ஒரே பதில்தான்.

"என் பக்கம் நல்லாத்தானே இருக்கு. உங்க பக்கம் பாருங்க."

பெரும்பாலும் அது உண்மையாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் அவனைக் கெடுத்தது.

அவனுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எல்மினா மீன்காரப் பெண்களுக்காகக் கட்டிய விலைத்தளம். காலையில் எந்தத் தோணி என்ன மீனோடு வந்தது, கூடை என்ன விலை என்று பெண்கள் அதில் போடுவார்கள். உள்நாட்டு நகரமான குமாசியில் உட்கார்ந்திருக்கும் வியாபாரி அதைப் பார்த்துவிட்டு லாரி அனுப்புவான். ஒவ்வொரு நாளுக்கும் தளம் ஒரு முகம் காட்டும். வெள்ளிக்கிழமை லாரிகளின் வரிசை மேலே இருக்கும். சனிக்கிழமை சந்தை விலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலய அறிவிப்புக்குக் கீழேதான் மீனுக்கு இடம். இதற்காக நாளுக்கு ஒரு டெம்ப்ளேட் செய்து வைத்திருந்தான் எபோ. டெம்ப்ளேட் என்பது காலித் தட்டு மாதிரி. யாராவது தளத்தைத் திறந்தால், நிரல் அன்றைக்கு என்ன கிழமை என்று பார்த்து, அந்தக் கிழமைக்குரிய தட்டை எடுத்து, விலையையும் தோணியின் பெயரையும் அதில் பரிமாறி நீட்டும். தட்டு இல்லாவிட்டால் பரிமாற முடியாது. கையை விரித்துவிடும்.

இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்த எபோவின் வாழ்வில் ஒரு நாள் மீன் முள் குறுக்கிட்டது.

உண்மையான முள். புளித்த சோளமாவில் அவித்த கென்கே உருண்டையோடு பொரித்த மீனை அவசரமாக விழுங்கியதில் தொண்டையில் மாட்டிக்கொண்டது. கண்ணில் நீர் வழிய மருத்துவமனைக்கு ஓடினான். அங்கே வெள்ளைச் சீருடையில் நின்ற செவிலி அக்குபா நியாம்கே அவன் வாயை அண்ணாந்து திறக்கச் சொல்லி, இடுக்கியால் முள்ளை எடுத்து அவன் முகத்துக்கு நேரே ஆட்டினாள்.

"மீன்பிடிக்கிற குடும்பம்தானே நீ? மீன் தின்னத் தெரியாதா?"

 தொண்டைப் புண் இரண்டொரு நாளில் ஆறிவிட்டது. ஆனால் அவன் அதற்குப் பிறகும் வாரக்கணக்கில், "இன்னும் லேசா குத்துது" என்று சொல்லிக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போய்க்கொண்டிருந்தான். எங்கே குத்துகிறது என்று அக்குபாவுக்கும் தெரிந்துதான் இருந்தது.

அக்குபா நிஸீமா இனத்துப் பெண். அக்ஸிம் ஊரையும் தாண்டி மேற்கே போனால் வரும் எக்வேலா கரைதான் அவள் ஊர். அவள் அம்மா எஸோவா அங்கே மீன்காரப் பெண்களுக்கெல்லாம் தலைவி. ஊரே அவளை 'மாமே' என்று, அதாவது தாயே என்று, கூப்பிடும். கணவனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு, புகையடுப்புக்கு முன்னால் நின்றே பிள்ளைகளைப் படிக்க வைத்தவள். அவள் குரலுக்குத் தோணிக்காரர்களே வழிவிடுவார்கள்.

மகள் விஷயத்தைச் சொன்னபோது மாமே எஸோவா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அவன் என்ன வேலை பாக்குறான்?"

"கம்ப்யூட்டர் வேலைம்மா."

"அதுல மீன் வருமா?"

இந்தக் கேள்வி எபோவின் காதுக்கு வந்ததும் அவன் நெஞ்சு விடைத்தது. மீன் வருமாவா? எல்மினாவின் தளத்தை அப்படியே நகல் எடுத்தான். ஊர்ப் பெயரை மாற்றினான், தோணிகளின் பெயர்களை மாற்றினான், மேலே மாமே எஸோவாவின் படத்தைப் பெரிதாகப் போட்டான். ஒரு காசு வாங்காமல் எக்வேலா பெண்களுக்குக் காணிக்கையாக்கினான். ஒரு புதன்கிழமை திறப்பு விழா. அந்த வாரமே டக்கோராடி நகரிலிருந்து லாரிகள் கேட்டுக்கேட்டு வந்தன. மாமே எஸோவா மகளைக் கூப்பிட்டுச் சொன்னாள்:

"அந்தப் பையனை அவன் ஆளுங்களோட வந்து கதவு தட்டச் சொல்லு. சாளை ஓட்டம் முடியறதுக்குள்ள வரட்டும்."

கதவு தட்டுவது என்றால் பெண் கேட்டு வருவது. மாப்பிள்ளையின் தாய்மாமன் தலைமையில், மதுக்குப்பியோடு வந்து வாசலில் நின்று தட்ட வேண்டும். உள்ளேயிருந்து திறந்தால் சம்மதம். எபோ அன்று ஐஸ் கடைக்காரனுக்கே ஐஸ் தண்ணீர் வாங்கிக் கொடுத்தான்.

அதற்கு அடுத்த புதன்கிழமை காலை கைபேசியைத் திறந்தான். திறந்தான் என்றால், முந்தின நாள் அணைத்து வைத்திருந்ததைத் திறந்தான். செவ்வாய்க்கிழமை எல்மினாவில் ஒரு தோணியும் கடலில் இறங்காது. அது கடலுக்குரிய நாள். மீனவர்கள் வலை தைப்பார்கள், வழக்குப் பேசுவார்கள், தூங்குவார்கள். எபோ கடலில் கால் வைத்தே வருஷமாகிறது. ஆனாலும் அந்த விடுமுறையை எந்த மீனவனையும்விட பக்தியோடு அனுசரிப்பான்.

கைபேசி திறந்ததும் ஏகப்பட்ட அழைப்புகள். கூடவே ஒரு படம். எக்வேலாவின் தளத்தில் மாமேயின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் திரை, அதில் ஒற்றை வரி: 'கேட்ட டெம்ப்ளேட் கிடைக்கவில்லை. நிர்வாகியை அணுகவும்.'

எந்த டெம்ப்ளேட் என்று அதில் இல்லை. அந்த விவரம் வெளியே தெரியாதபடி எபோவே அடைத்து வைத்திருந்தான். வீட்டு அழுக்கை விருந்தாளிக்குக் காட்டக் கூடாது என்பது அவன் கொள்கை. பிழைகளைத் தேதிவாரியாக எழுதி வைக்கும் பதிவையும், அது வீங்கி வீங்கி இடத்தை அடைத்ததால், எப்போதோ நிறுத்தியிருந்தான்.

உடனே தளத்தைத் திறந்து பார்த்தான். மாமே எஸோவா திரையில் பளிச்சென்று சிரித்தாள். எல்லாம் நன்றாக இருந்தது.

"பழைய நகலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டு, சர்வரில் சேர்ந்திருந்த தற்காலிகக் கோப்புகளை எல்லாம் துடைத்தான். மறுபடி திறந்தான். வேலை செய்தது. "சரி பண்ணிட்டேன்" என்று செய்தி அனுப்பினான்.

அடுத்த புதன்கிழமை மறுபடி அதே படம். இந்தத் தடவை கோப்புகளின் பெயரில் எங்காவது பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பார்த்தான். கோப்புறையைப் படிக்கச் சர்வருக்கு அனுமதி இருக்கிறதா என்று பார்த்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றினான். திறந்தான். வேலை செய்தது! "வேரோடு பிடுங்கிட்டேன்" என்று செய்தி போனது.

மூன்றாவது புதனிலும் அதே கதைதான். இப்போது சர்வர்க்காரன்மீது சந்தேகம் வந்து, தளத்தையே வேறு இடத்துக்குக் குடிமாற்றினான். திறந்தான். வேலை செய்யாமல் என்ன செய்யும்? அன்று புதன்கிழமையல்லவா!

ஆனால் பாவம், அது அவனுக்குத் தெரியவில்லை. வைத்தியம் செய்த கையோடு நோயாளி எழுந்து உட்காரும்போது, எந்த வைத்தியன்தான் தன் மருந்தைச் சந்தேகிப்பான்?

அங்கே எக்வேலாவில் நிலைமை வேறு. விலை தெரியாத நாளில் லாரிகள் அந்தக் கரைக்குத் திரும்பாமல் அடுத்த ஊருக்குப் போய்விட்டன. வந்த மீனையெல்லாம் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியதாயிற்று. விடுப்பில் ஊருக்குப் போயிருந்த அக்குபா அவனைக் கூப்பிட்டாள்.

"எபோ, அம்மா ரொம்பக் கோவமா இருக்காங்க. பொம்பளைங்க எல்லாம் அவங்களைக் கேலி பண்றாங்க. நிஜமாவே சரி பண்ணிட்டியா?"

"என் பக்கம் எல்லாம் நல்லாத்தானே இருக்கு, அக்குபா! நான் திறந்தா திறக்குது. உங்கம்மா திறந்தா மட்டும் திறக்கலேன்னா என்ன அர்த்தம்? விரல்தான். எத்தனை வருஷமா அந்த விரல்ல மீன் எண்ணெய் ஊறிக் கிடக்கு? ஃபோனுக்கு அது விரலா மீனான்னு எப்படித் தெரியும்? ஒத்தி எடுக்கற மாதிரி மெதுவா அழுத்தச் சொல்லு."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தான். எதிர்முனையில் சிரிப்பு வரவில்லை. அடுப்பு விறகு வெடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் வேறொரு குரல் வந்தது.

"நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன், தம்பி."

ஐயோ! கைபேசியின் ஒலிபெருக்கி போட்டிருந்தது. மாமே எஸோவா மட்டுமா? புகையடுப்பைச் சுற்றி எக்வேலாவின் மீன்காரப் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள்.

"மாமே, நான் அப்படிச் சொல்ல வரல..."

"நீ சொல்ல வந்ததைச் சொல்லிட்ட. இப்ப நான் சொல்றேன், கேளு. இந்த விரலாலதான் நெருப்பு மேல கிடக்கிற மீனைத் திருப்புறேன். இந்த விரலாலதான் என் பிள்ளைங்க கண்ணைத் துடைச்சேன். இது உன் கண்ணாடித் துண்டைத் தொடத் தெரியாத விரலா?"

"இல்ல மாமே..."

"குறுக்கே பேசாதே. திங்கக்கிழமை கிளம்பி இங்க வா. அந்தச் சனியன் படுத்துக்கற நாள்ல பக்கத்துல நின்னு உன் கண்ணால பாரு. தப்பு என் விரல்மேலன்னா ஊர் முன்னால உன்கிட்ட மன்னிப்புக் கேட்டு, என் பொண்ணையும் தரேன். தப்பு உன்மேலன்னா, என் கதவுப் பக்கம் நீ வரக் கூடாது."

பின்னால் ஒருத்தி, "அப்படிப் போடு!" என்றாள். அழைப்பு துண்டிக்கப்பட்டது.

திங்களன்று எபோ டிரோட்ரோ வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மடிக்கணினியை மார்போடு அணைத்தபடி எக்வேலா போய்ச் சேர்ந்தான். வழியெல்லாம் தென்னை மரங்கள் தலையாட்டின. 'போகாதே, போகாதே' என்று சொல்கிற மாதிரி இருந்தது அவனுக்கு. போய் இறங்கியதும் முதல் வேலையாகப் பெண்கள் நடுவில் தளத்தைத் திறந்து காட்டினான். பளிச்சென்று வந்தது.

"பாருங்க! நல்லா இருக்கு!"

"இன்னைக்கு நல்லாத்தான் இருக்கும்," என்றாள் குண்டூசி மாதிரி மெலிந்த ஒருத்தி. "உடம்பு சரியில்லாத பிள்ளையும் மருத்துவரைப் பார்த்ததும் ஓடி ஆடும்."

மாமே எஸோவா அவனைப் பார்க்கவே இல்லை. ஆனால் ராத்தல் ராத்தலாக மரவள்ளிக் கிழங்கு அச்செக்கேயும் பொரித்த மீனும் அவன் முன்னால் வந்து நின்றன. விருந்தாளியைப் பட்டினி போடும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது. "முள்ளைப் பார்த்துத் தின்னச் சொல்லு," என்று மகளிடம் மட்டும் சொன்னாள்.

மறுநாள் விடிந்தபோது மோட்டார் சத்தம் அவனை எழுப்பியது. ஒரு மோட்டார் இல்லை, பல. ஜன்னல் வழியாகப் பார்த்தான். கொடி கட்டிய தோணிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலையை ஏறிக் கடலுக்குள் போய்க்கொண்டிருந்தன.

 இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை!

அரைக்கால் சட்டையோடு வெளியே பாய்ந்தான். மணலில் விழுந்து எழுந்து ஓடினான். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கையையும் ஆட்டிக் கத்தினான்.

"திரும்பி வாங்க! ஐயோ, திரும்பி வாங்க! இன்னைக்குச் செவ்வாய்! கடல் கோவிச்சுக்கும்!"

தோணியைத் தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் அப்படியே நின்றார்கள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"எந்த ஊர்க்காரன்டா இவன்? எல்மினாவா?"

"ஆமா..."

"நண்பா, செவ்வாய்க்கிழமை உங்க கடலுக்குத்தான் ஓய்வு. எங்க கடலுக்கு வியாழக்கிழமை. போ, போய்த் துணி மாத்திக்க. அலை உன் சட்டையை அவுத்துடப் போகுது."

வியாழக்கிழமை எக்வேலாவில் யாரும் கடலுக்குப் போவதில்லை என்பது எபோவுக்குத் தெரியாததில்லை. அக்குபா எப்போதோ சொல்லியிருக்கிறாள். செவ்வாயும் ஓய்வு, அதோடு வியாழனும் ஓய்வு, ரொம்ப பக்தியான ஜனங்கள் என்று அவன் மெச்சிக்கொண்டிருந்தான். செவ்வாயன்று ஒரு மனிதன் கடலில் இறங்குவான் என்று அவனுக்குக் கனவில்கூடத் தோன்றியதில்லை.

தண்ணீர் அவன் இடுப்பில் மோதிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை. மீன். விலை. தளம்.

"கடவுளே," என்றான் எபோ.

வீட்டுக்கு ஓடி மடிக்கணினியை எடுத்து வந்து, ஈரச் சட்டையோடு மணலில் உட்கார்ந்து திறந்தான். டெம்ப்ளேட்டுகள் இருக்கும் கோப்புறைக்குப் போனான். திங்கள் இருந்தது. புதன் இருந்தது. வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, எல்லாம் சமர்த்தாக வரிசையில் நின்றன. இதே கோப்புறையை மூன்று வாரமாக எத்தனை தடவை துடைத்திருப்பான், ஏற்றியிருப்பான், இறக்கியிருப்பான்! ஒரு தடவையாவது ஏதோ குறைகிறதே என்று உறைத்ததா? உறைக்கவில்லை. செவ்வாய்க்கு அவன் தட்டு செய்யவே இல்லை. எல்மினாவில் செவ்வாயன்று பரிமாற மீன் ஏது? அந்தத் தளத்தை அன்றைக்குத் திறக்க ஆள் ஏது? இத்தனை வருஷமாக அந்த ஓட்டை அங்கே சத்தமில்லாமல் தூங்கிக் கிடந்தது. அதையும் சேர்த்துத்தான் நகல் எடுத்து, ரிப்பன் கட்டி, வருங்கால மாமியாருக்குக் காணிக்கையாகக் கொடுத்திருக்கிறான்.

அவன் திங்கள்கிழமைப் பக்கத்தை நகல் எடுத்தான். பெயரைச் செவ்வாய் என்று மாற்றினான். தலைப்பைத் திருத்தினான். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிட்ட வேலை. இனி ஒரு பொத்தானை அழுத்தினால் அது சர்வருக்குப் போய்விடும்.

விரல் பொத்தானின் மேலேயே நின்றது.

தோணிகள் திரும்ப நடுப்பகல் ஆகும். அதற்குள் ஏற்றிவிட்டால் மாமே எஸோவா அழுத்தும்போது தளம் அழகாகத் திறக்கும். யாருக்கும் ஒன்றும் தெரியப்போவதில்லை. 'பார்த்தீர்களா, பதமாக அழுத்தினால் வருகிறது' என்றால் போதும். மாமே சொன்ன சொல் தவறமாட்டாள். மன்னிப்பும் கிடைக்கும், அக்குபாவும் கிடைப்பாள். இல்லையென்றால்... இல்லையென்றால் அந்தக் கதவுப் பக்கம் போக முடியாது. எபோவின் கண் கலங்கியது. உப்புக் காற்று என்று நினைத்துத் துடைத்துக்கொண்டான். மறுபடி கலங்கியது.

"கடலைத் தடுத்து நிறுத்தப் போனியாமே?" என்று பின்னாலிருந்து சிரிப்பு வந்தது. அக்குபா. "ஊரே பேசிச் சிரிக்குது. என்ன ஆச்சு உனக்கு?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் சிரிப்பு மெல்ல நின்றது. திரையை எட்டிப் பார்த்தாள்.

"அப்ப பக்கம் ரெடியா?"

"ரெடி."

"ஏத்திட்டியா?"

"இல்ல."

"ஏன்?"

"இப்ப ஏத்திட்டா உங்கம்மா தொட்டதும் திறந்துடும். அத்தனை பேர் முன்னால அவங்க விரல்தான் தப்புன்னு ஆயிடும். காலம் முழுக்க அவங்களை அதைச் சொல்லியே சிரிப்பாங்க."

"உன் தப்புன்னா அம்மா என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

 அக்குபா அவன் பக்கத்தில் ஈர மணலிலேயே உட்கார்ந்தாள். ஏற்று என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தன் தோள் துணியை எடுத்து அவன் ஈர முதுகில் போட்டாள்.

நடுப்பகலில் தோணிகள் வந்தன. கரை வெள்ளிக் காசைக் கொட்டியது மாதிரி சாளையால் மின்னியது. பெண்கள் கூடைகளோடு வட்டமாகக் கூடினார்கள். மாமே எஸோவா கையை இடுப்புத் துணியில் நன்றாகத் துடைத்தாள். ஒரு தடவை இல்லை, எல்லாரும் பார்க்கும்படி இரண்டு தடவை. பிறகு கைபேசியை எடுத்து, பிறந்த குழந்தையின் கன்னத்தைத் தொடுவது மாதிரி மெதுவாக அழுத்தினாள்.

வெள்ளைத் திரை. 'கேட்ட டெம்ப்ளேட் கிடைக்கவில்லை.'

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமேயின் முகம் ஒரு நொடி சுருங்கியது. எந்தக் காற்றுக்கும் அசையாத அந்த முகம் சுருங்கியதைப் பார்த்ததும் எபோவால் பொறுக்க முடியவில்லை. நடுவில் வந்து நின்றான்.

"யாரும் சிரிக்காதீங்க. மாமே சரியாத்தான் அழுத்தினாங்க. ஒவ்வொரு தடவையும் சரியாத்தான் அழுத்தினாங்க. தப்பு என்னோடது." கூட்டத்தின் பக்கம் திரும்பினான். "எங்க ஊர்ல செவ்வாய்க்கிழமை யாரும் கடலுக்குப் போறதில்ல. அதனால நான்... நான் இதுல செவ்வாய்க்கிழமையே வைக்கல."

"வைக்கலேன்னா?" என்றாள் மெலிந்தவள்.

"மத்த நாளுக்கெல்லாம் பக்கம் இருக்கு. செவ்வாய்க்கு மட்டும் இல்ல. இல்லாத பக்கத்தைக் கேட்டா அது எங்கேருந்து தரும்?"

 மெலிந்தவள் கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வாரத்துல ஒரு நாளையே தொலைச்சுட்டு, சர்வரைத் தேடுனியா?" என்றாள். அவ்வளவுதான். கரையே வெடித்துச் சிரித்தது. ஒருத்தி மீன்மேல் சாய்ந்தாள். ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"இவன் பேரு எபோதானே? செவ்வாய்க்கிழமை பொறந்தவனுக்குத்தானே எபோன்னு பேரு வைப்பீங்க? ஏம்ப்பா, அப்ப உங்கம்மா உன்னை எந்த நாள்ல பெத்தாங்க?"

எபோவின் காது மடல் சிவக்க முடிந்திருந்தால் சிவந்திருக்கும். தலையைக் குனிந்தபடி பொத்தானை அழுத்தினான். "இப்ப திறந்து பாருங்க, மாமே."

மாமே எஸோவா அழுத்தினாள். செவ்வாய்க்கிழமை என்ற தலைப்போடு அவள் முகமே திரையில் வந்து நின்றது. அவள் அதைப் பார்த்துச் சிரிக்கவில்லை. அவனைப் பார்த்தாள்.

"ஆக, தப்பு உன்மேல."

"ஆமா, மாமே."

"அப்ப நான் சொன்ன சொல் என்ன?"

"கதவுப் பக்கம் வரக் கூடாதுன்னு." அவன் மடிக்கணினியை மூடி அக்குளில் வைத்துக்கொண்டான். "வரேன், மாமே. தளத்துல ஏதாவது ஆச்சுன்னா கூப்பிடுங்க. செவ்வாயா இருந்தாலும் ஃபோனை எடுப்பேன்."

திரும்பி நடந்தான். மணல் அவன் காலைப் பிடித்து இழுத்தது.

"நில்லு," என்றாள் மாமே. பிறகு மகளைப் பார்த்தாள். "இவன் இதை எப்பக் கண்டுபிடிச்சான்?"

"விடியக்காலையிலேயே. அப்பவே பக்கத்தையும் செஞ்சு முடிச்சுட்டான்."

"விடியக்காலையிலயா? அப்புறம் ஏன் இவ்வளவு நேரம் உள்ளங்கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்?"

"காலையிலேயே ஏத்தியிருந்தா நீ தொட்டதும் திறந்திருக்கும்மா. எல்லாரும் உன் விரலைத்தான் பார்த்திருப்பாங்க."

சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள். மாமே எஸோவா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். எத்தனையோ நெருப்பைத் தாங்கிய கை அது. அவள் இமையோரம் ஏதோ மினுங்கியது. புகை என்று சொல்ல அங்கே அப்போது அடுப்புகூட எரியவில்லை.

"கதவுப் பக்கம் இவன் தனியா வரக் கூடாது," என்றாள் கடைசியில். "பெரியவங்களோட வரட்டும். வர்ற வியாழக்கிழமை. அன்னைக்குத்தான் எங்களுக்குக் கை சும்மா இருக்கும். இவன் தாய்மாமனுக்குத் தோணி இருக்காமே? சாளை ஓடற நாள்ல வலையைக் கீழே வச்சுட்டு அவர் இங்க வரணும். எங்க லாரிங்க போனதுக்கு அதுதான் அபராதம்."

பெண்கள் குலவையிட்டார்கள். எபோ அழுதுகொண்டே சிரித்தான், சிரித்துக்கொண்டே கைபேசியை எடுத்தான். இந்தத் தடவை ஒலிபெருக்கியை மாமேயே போட்டாள்.

அன்று ஓய்வு நாளானதால், அவன் 'வோஃபா' என்று கூப்பிடும் தாய்மாமா வலை தைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் குரலை உயர்த்தினார்.

"வியாழக்கிழமையா? டேய், சாளை கரைக்கு வந்து கூப்பிடுதுடா! ஏன், அவங்க ஒரு செவ்வாய்க்கிழமை வரச் சொல்லக் கூடாதா? நமக்கும் ஓய்வு."

"செவ்வாய்க்கிழமை அவங்க கடலுக்குப் போறாங்க, வோஃபா."

 மறுமுனையில் வலை ஊசி கீழே விழும் சத்தம் கேட்டது.

"செவ்வாய்க்கிழமை," என்றார் மாமா, "கடலுக்கா? அப்பேர்ப்பட்ட வீட்லயா நீ பொண்ணு எடுக்கப் போற?"

"ஆமா, வோஃபா."

மாமே எஸோவா கைபேசியின் பக்கம் குனிந்தாள். "வியாழக்கிழமை கடலுக்குப் போற வீட்டுக்கு நான் பொண்ணு தரப்போறேன், பெரியவரே. எனக்கு மட்டும் வயிறு கலங்காதா?"

 மாமா அவசரமாகக் குரலைத் தணித்தார்.

"அம்மா, நீங்க அங்கதான் இருக்கீங்களா? வணக்கம். சரி... வியாழக்கிழமை வரோம். குடிக்க என்ன கொண்டு வரணும்னு மட்டும் சொல்லுங்க."